வாசகர் கேள்வி – பதில்: வீடு சுத்தமாகும் நேரத்தில் ஊரைப் பார்க்கலாமா?

கேள்வி: தஞ்சாவூர் மேல வீதியில் ஒரு பழைய வீட்டில் நானும் என் கணவரும் வசிக்கிறோம். எனக்கு வயது 64. பொங்கலுக்கு முன்பு வீடு முழுவதையும் சுத்தம் செய்ய, வெளியூரில் இருக்கும் மகன் நான்கு பேர் கொண்ட குழு ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறான். காலை 9 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 2 மணி ஆகிவிடுமாம். "நீங்கள் இரண்டு பேரும் அதுவரை எங்காவது போய் வாருங்கள்" என்கிறான். நாலு பேர் நம் வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கும்போது நாம் ஊர் சுற்றுவது முறையாகுமா என்று மனம் உறுத்துகிறது. அப்படியே போனாலும், பிறந்ததிலிருந்து பார்த்த இந்த ஊரில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: முறைதான் அம்மா. அந்த நான்கு பேருக்கும் அதுதான் வசதியாகவும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு என் வீட்டில் இதேபோன்ற வேலை நடந்தபோது, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு நான் அறை அறையாக அவர்கள் பின்னாலேயே சென்றேன். பகல் ஒரு மணிக்கு மேல் மாடிப்படி பக்கம் போனபோது, வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் நின்றுகொண்டே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் நான் இருந்ததால் எங்கே உட்காருவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து யார் வேலைக்கு வந்தாலும் குடிக்கத் தண்ணீர், கழிப்பறை, உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் ஆகியவற்றைக் காட்டிவிட்டு வெளியே கிளம்பிவிடுகிறேன்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். உங்கள் வீதியிலிருந்தே தொடங்கலாம். பங்காரு காமாட்சி அம்மன் கோயிலுக்கு நீங்கள் வாரந்தோறும் போகிறவராகவே இருப்பீர்கள். ஆனால், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரிகள் பூஜை செய்த சன்னதி அது என்ற நினைவோடு, அவசரமில்லாமல் பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்து எத்தனை நாளாகிறது என்று யோசித்துப் பாருங்கள். காலை வேளையில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ ஒன்று நம்மைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அன்றைக்கு அடுப்படியே உங்கள் பொறுப்பில் இல்லை.

அங்கிருந்து பெரிய கோயிலுக்குச் செல்லுங்கள். நண்பகலுக்குப் பிறகு நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், காலையிலேயே அங்கே போய்விடுவதுதான் சரி. தரிசனம் முடிந்ததும் வழக்கம்போல நந்தியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடாதீர்கள். 1010ஆம் ஆண்டில் ராஜராஜன் கட்டி முடித்த அந்தக் கோயிலின் சுவர்கள் முழுக்க எழுத்துகள். அவற்றுள் ஒரு கல்வெட்டு, கோயிலில் ஆடல் பணிசெய்த, தளிச்சேரி என்ற கோயில் குடியிருப்பில் வாழ்ந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், தளிச்சேரியில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதுவரை ஒருவர் விடாமல் சொல்லி, ஒவ்வொருவருக்கும் பங்கு ஒன்றுக்கு 100 கலம் (கலம் என்பது பழைய முகத்தல் அளவு) நெல் என்று குறிக்கிறது. அதே கல்வெட்டில் குடை பிடிப்பவர், தண்ணீர் தெளிப்பவர், துணி வெளுப்பவர், தையல்காரர் ஆகியோருக்கும் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் மன உறுத்தலுக்கு நான் சொல்லக்கூடிய பதில் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. வீட்டுக்கு வருகிற நால்வரின் பெயரையும் காலையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "ஏம்மா", "ஏப்பா" என்று கூப்பிட வேண்டியிருக்காது. கூலி எவ்வளவு, அதில் அவர்கள் கைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதையும் மகனிடம் விசாரியுங்கள். குறைவாகத் தெரிந்தால் நால்வரிடமும் தனித்தனியாக ஏதேனும் கொடுங்கள்.

அதே கோயிலில், திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பகுதியில் தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி 1803இல் பொறிக்கச் செய்த மராத்திய மொழிக் கல்வெட்டு இருக்கிறது. அவருடைய போன்ஸ்லே குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லும் மிக நீண்ட கல்வெட்டு அது. உங்கள் வீதியிலும் பக்கத்து வீதிகளிலும் இன்றும் மராத்தி பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தச் சுவரை அவர்களில் ஒருவரோடு சேர்ந்து பார்க்க முடிந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

வெயில் ஏறத் தொடங்கியதும் ஆட்டோ பிடித்து அரண்மனைக்குப் போய்விடலாம். 1951இல் தொடங்கப்பட்ட அங்குள்ள கலைக்கூடத்தில், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி அது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். அந்தச் சுற்றுக்குள் பாம்பும் நெளிகிறது. ஒரு கையை மடித்து எதன்மீதோ ஊன்றியிருக்கிறார்; ஆனால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை. அங்கே நின்றிருந்த காளை காணாமல் போய்விட்டது. கையின் சரிவையும், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த இடுப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தால், காளையின் முதுகு எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பதுகூடத் தெரிந்துவிடும். நான் முதல்முறை போனபோது ஐந்து நிமிடத்தில் கலைக்கூடம் முழுவதையும் பார்த்துவிட்டு வந்தவள். அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கையைக் கவனித்தேன்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூஜை அறையில் என் மாமியார் காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது, கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். சுத்தம் செய்ய வருகிறவர்களிடம் வீட்டை விட்டுவிட்டுப் போக நினைக்கும்போதெல்லாம் இவை இரண்டும்தான் நினைவுக்கு வந்து காலைக் கட்டிப்போடுகின்றன.

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் புறப்படுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் தீர்ந்துவிடும். ஓவியத்தை நீங்களே கழற்றி, உலர்ந்த துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துவிடுங்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் புடைப்பு எடுத்து, அதன்மேல் தங்கத்தாளும் கற்களும் பதித்துச் செய்யப்படும் ஓவியம் அது. முன்னால் கண்ணாடி இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தால், தண்ணீர் சட்டத்தின் ஓரமாக உள்ளே இறங்கி, கலவை ஊறி உப்பி, தங்கத்தாள் உரியத் தொடங்கும். தெரிந்த ஒரு வீட்டில் கிருஷ்ணரின் கன்னத்தில் அப்படி ஒரு கொப்புளம் கண்டிருக்கிறேன். துடைத்த பெண்மேல் தவறில்லை. துடைக்க வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நகையும் பணமும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். பின்னால் ஏதாவது ஒன்றைக் காணவில்லை என்றால், அந்தச் சந்தேகம் ஒரு பாவமும் அறியாத ஒருவர்மேல் போய் விழக்கூடாது என்பதற்காகவும் அதைச் செய்ய வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டினால் ஆனதுதான் என்பதால், அதன்மேல் ஆசிட் பட்டால் மேற்பூச்சு அரித்து நிறம் வெளுத்துவிடும். வெறும் தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். இதைவிட முக்கியமான ஒன்றைக் குழுவின் பொறுப்பாளரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிப்பறைக்கான ஆசிட்டை ஊற்றக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் திறக்காத சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அவர்கள் கொண்டுவரும் புட்டிகளைக் காலையிலேயே பாருங்கள். எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்து, உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இத்தனையும் செய்தபின் நடுவில் மூன்று முறை போன் செய்து விசாரிக்க வேண்டாம். ஈரக் கையோடு அவர்கள் ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்த வேண்டியிருக்கும்.

கேள்வி: நாங்களும் தஞ்சாவூர்தான். என் கணவருக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது, நெடுநேரம் நடக்கவும் முடியாது. வீடு சுத்தமாகும்வரை அவரை எங்கே அழைத்துப்போவது?

பதில்: அரண்மனை வளாகத்திலேயே உள்ள சரசுவதி மகால் நூலகத்தின் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அது சிறிய இடம். அதிகம் நடக்க வேண்டியதில்லை. ஓலைச்சுவடிகளையும் சரபோஜி சேர்த்த புத்தகங்களையும் பார்க்கலாம். சார்ல்ஸ் லெ புருன் என்ற பிரெஞ்சு ஓவியர் மனித முகங்களை விலங்குகளின், பறவைகளின் முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த படங்களும் அங்கே இருக்கின்றன. ஆந்தை முகத்துக்குப் பக்கத்தில் ஆந்தையைப் போன்ற மனிதர், கழுதைக்குப் பக்கத்தில் கழுதையைப் போன்றவர் என்று வரிசையாகப் பார்க்கும்போது, வலியை மறந்து அவரும் தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிடுவார். புறப்படும் முன் விடுமுறை நாளையும் உணவு இடைவேளையையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தை மட்டும் வேலை முடியும் நேரத்துக்கு அரை மணி தள்ளி வையுங்கள். தரை காய்வதற்குள் வந்துவிட்டால், ஈரத்தில் வழுக்கி விழும் ஆபத்து முழங்கால் வலி உள்ளவருக்குத்தான் முதலில்.