வகுப்புக்கு ஒன்று, கேசட்டுக்கு ஒன்று: யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கும் முன்

கேள்வி: என் லேப்டாப்பில் ஹெட்ஃபோன் ஜாக் பழுதாகிவிட்டது. இணையத்தில் வகுப்பு எடுக்கிறேன். அப்பா பேசிய பழைய கேசட்டுகளையும் கணினியில் ஏற்றி வைக்க ஆசை. விலை குறைந்த யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று இரண்டுக்கும் போதுமா? 7.1 என்று போட்டிருப்பதை வாங்கலாமா?

பதில்: வகுப்புக்குத் தாராளமாகப் போதும். கேசட்டுக்குப் போதாது.

பென்டிரைவ் அளவில் வரும் மலிவான கார்டுகளில் பெரும்பாலும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஹெட்ஃபோனுக்கு, மற்றது மைக்குக்கு. கேட்கும் பக்கம் ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடங்கள்), மைக் பக்கம் பெரும்பாலும் மோனோதான் (ஒரே தடம்). வகுப்பில் பேசுவது ஒரே குரல், அதனால் குறையொன்றும் தெரியாது. டிரைவர் எதுவும் நிறுவாமல் செருகியதும் வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இந்த வகைக் கார்டுகள் அப்படித்தான் இயங்க வேண்டும். எட்டுத் தட ஒலியைக் குறிக்கும் 7.1 என்ற எழுத்தைப் பொருட்படுத்த வேண்டாம். ஒரே ஒரு ஸ்டீரியோ துளை வழியாக எட்டுத் தடங்கள் வெளியே வர வழியில்லை. அது மென்பொருள் உண்டாக்கும் தோற்றம் மட்டுமே.

பலர் ஏமாறுவது ஹெட்செட்டின் பின்னில். உங்கள் ஹெட்செட் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக்கும் ஹெட்ஃபோனும் ஒரே பின்னில் இருக்கின்றன என்று பொருள். அதை இரண்டு துளைக் கார்டில் செருகினால் ஒலி கேட்கும், ஆனால் நீங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. இரண்டாகப் பிரிக்கும் சிறு ஒய் கேபிள் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஹெட்செட்டுக்கென்றே ஒற்றைத் துளையுடன் வரும் கார்டை வாங்கிவிடுங்கள்.

சரி, கேசட்டுக்கு வருவோம். மைக்கிலிருந்து வரும் மின்சைகை மிக மெல்லியது. மைக் துளை அதைப் பல மடங்கு பெருக்குவதற்காகவே அமைந்தது. கேசட் பிளேயரிலிருந்து வருவதோ ஏற்கெனவே வலுவானது. அதையும் அங்கே செருகினால் உரத்த இடங்களெல்லாம் கரகரவென்று உடையும், இரண்டு பக்க ஒலியும் தனித்தனியாகப் பதிவாகாது. அவசரத்தில் நானும் ஒரு கேசட்டை இப்படிப் பதிவு செய்திருக்கிறேன். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியவில்லை, முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. பழைய நாடாவை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது கொஞ்சம் தேயும், சில சமயம் அறுந்தும் போகும். அப்பாவின் குரல் என்கிறீர்கள், அதனால் முதல் பதிவே சரியாக அமையட்டும்.

உங்களுக்கு வேண்டியது ஸ்டீரியோ லைன்-இன், அதாவது பிளேயர் போன்ற கருவிகளின் வலுவான ஒலியை வாங்கும் துளை, உள்ள கார்டு. பெஹ்ரிங்கர் யுசிஏ202 அந்த வகை. உள்ளே வர சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள், வெளியே போக அதே போல் இரண்டு, கூடவே ஹெட்ஃபோன் துளை. பதிவின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்களில் பார்த்தால் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதிவாகும். ஆடியோ சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். கேசட்டில் எப்போதும் இருக்கும் அந்த 'உஸ்' இரைச்சலுக்கு முன்னால் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று கூடுதல் காசு கொடுப்பதில் பயனில்லை. ஆனால் இதில் மைக் செருக இடம் கிடையாது. அதனால்தான் ஒன்றிலேயே எல்லாவற்றையும் தேடாமல் வகுப்புக்கு மலிவான ஒன்று, கேசட்டுக்கு இது என்று இரண்டாக வாங்கச் சொல்கிறேன். இயங்க 48 வோல்ட் மின்சாரம் கேட்கும் ஸ்டுடியோ மைக் உங்களிடம் இருந்தால் கதை வேறு; அதற்கு அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவிதான் வேண்டும்.

பிளேயரில் ஹெட்ஃபோன் துளை மட்டும் இருந்தால் 3.5 மி.மீ. பின்னிலிருந்து ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் போதும். அப்போது பிளேயரின் வால்யூமைப் பாதியில் வைத்துத் தொடங்குங்கள். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதிவு செய்யும்போது, அதன் ஒலி அளவுமானியில் மிக உரத்த இடமும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். அப்புறம், நாடாவைப் போடும் முன் பிளேயரில் நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பதிவில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்து கேட்டால் கார்டைக் குறை சொல்லும் முன் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.