பயோஃபியூல் படிக்க ஆசைப்படும் மகள், பயப்படும் அப்பா

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் கரும்பு விவசாயம் செய்கிறோம். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 190-ஐ ஒட்டி வரும். பயோஃபியூல் (உயிரி எரிபொருள்) துறையில்தான் வேலை பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில், "உலக நாடுகளெல்லாம் இதற்காகக் கூட்டணி போட்டிருக்கின்றன, வெளிநாட்டு வேலை நிச்சயம்" என்று சொல்லி, பயோஎனர்ஜி பி.டெக். சீட்டுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். எலெக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இதெல்லாம் என்ன ஆகும்? பெண் பிள்ளையை இதில் சேர்க்கலாமா?

பதில்: ஐயா, முதலில் பண விஷயம். அந்தக் கல்லூரிக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டிவிடாதீர்கள். மகளின் ஆசையில் தப்பே இல்லை. அதை வைத்து உங்களிடம் விற்கப் பார்க்கிற சீட்தான் சரியில்லை. அவள் கேட்பதைக் கொடுங்கள், ஆனால் கெமிக்கல் இன்ஜினீயரிங் வழியாகக் கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அவர்கள் சொல்லும் கூட்டணி உண்மைதான். 2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டின்போது இந்தியா, அமெரிக்கா, பிரேசில் முதலிய நாடுகள் சேர்ந்து உலக உயிரி எரிபொருள் கூட்டணியைத் தொடங்கின. அதற்கு வெகுகாலம் முன்பே, 1978-இல், சர்வதேச எரிசக்தி முகமையின் குடையின்கீழ் 'ஐ.இ.ஏ. பயோஎனர்ஜி' என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பு வந்துவிட்டது. அதில் டாஸ்க் 39 என்றொரு குழு. வண்டிக்கும் விமானத்துக்கும் போடும் உயிரி எரிபொருளை ஆய்வகத்திலிருந்து சந்தைக்குக் கொண்டுவருவது எப்படி என்பது மட்டும்தான் அதன் வேலை. கனடா, அமெரிக்கா, பிரேசில், ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளின் நிபுணர்கள் அதில் உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்தியாவும் உறுப்பினர்.

ஆனால் இவை எதுவும் வேலை கொடுக்கும் கம்பெனி இல்லை. ஒவ்வொரு நாடும் தன் ஆராய்ச்சி நிலையத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஏற்கெனவே வேலை பார்ப்பவரை அங்கே அனுப்புகிறது. நேற்று பட்டம் வாங்கியவரை யாரும் அந்த மேஜைக்குக் கூப்பிடுவதில்லை. கூட்டணியைக் காட்டி பிளேஸ்மென்ட் உறுதி தருகிறவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை உங்களுக்கு விவரம் தெரியாது என்று நினைப்பவர்.

அப்புறம் எதற்கு இத்தனை நாடுகள் கூடிப் பேசுகின்றன? ஆய்வகத்தில் ஓடுவது ஃபேக்டரியில் ஓட மாட்டேன் என்கிறது, அதனால்தான். உங்கள் ஊர் சர்க்கரை ஆலையில் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பழகிய தொழில், அதில் பெரிய புதிர் இல்லை. வைக்கோல், கரும்புச் சக்கை, மூங்கில் இவற்றிலிருந்து எடுக்கும் இரண்டாம் தலைமுறை எத்தனால்தான் ஆளைத் திணறடிக்கிறது. வைக்கோலிலும் சர்க்கரை இருக்கிறது, ஆனால் லிக்னின் என்னும் மரப்பொருளுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. அமிலத்திலும் நீராவியிலும் வேகவைத்து, அப்புறம் என்சைம் போட்டு அதை உடைக்க வேண்டும். குடுவையில் 10 கிராம் வைக்கோலை இப்படிச் செய்வது எம்.எஸ்சி. மாணவரின் ஆய்வு. ஆலையில் செய்வது வேறு கதை.

அந்த வேறு கதையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலை வாங்கி 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. தொழில்நுட்பம் புனேயைச் சேர்ந்த பிராஜ் நிறுவனத்துடையது. அங்கே நெல் அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும், ஆலையோ வருடம் முழுக்க ஓட வேண்டும். ஆகவே மலைமலையாகக் கட்டு கட்டி அடுக்க வேண்டும். மழையில் நனைந்தால் மக்கும், வெயிலில் காய்ந்தால் ஒரு தீப்பொறி போதும். வயலிலிருந்து வரும் கட்டில் மண்ணும் கல்லும் சேர்ந்தே வரும். நெல் வைக்கோலில் இயல்பாகவே சிலிக்கா அதிகம், உள்ளே தள்ளும் திருகாணியை அரம் மாதிரி தேய்த்துவிடும். இந்தத் துறையில் பாதித் தலைவலி உயிரியலே இல்லை, மண்ணும் இரும்பும்தான். பயோஎனர்ஜி என்று போர்டு மாட்டிய எத்தனை பாடத்திட்டங்களில் திடப்பொருளைக் கையாளும் பாடம் ஒழுங்காக இருக்கிறது? கெமிக்கல் இன்ஜினீயரிங்கில் அது அடிப்படைப் பாடம்.

பெரிய கம்பெனிகளே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் அயோவாவில் டூபான்ட் 2015-இல் திறந்த சோளத்தட்டு எத்தனால் ஆலை இரண்டே வருடத்தில் கைவிடப்பட்டது. கான்சாஸில் ஆலை திறந்த ஸ்பெயின் நாட்டு அபெங்கோவா, கடனில் மூழ்கியது. ருமேனியாவில் கிளாரியன்ட் கட்டிய வைக்கோல் ஆலையை மூடப்போவதாக 2023 கடைசியில் அறிவித்தார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. அயோவா ஆலையை வாங்கிய ஜெர்மன் நிறுவனமான வெர்பியோ, அதே சோளத்தட்டிலிருந்து எத்தனாலுக்குப் பதில் எரிவாயு எடுக்க இறங்கியது. அதே நிறுவனம்தான் பஞ்சாபின் சங்ரூரில் நெல் வைக்கோலிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையை 2022-இல் தொடங்கியது. ஓரிடத்தில் கற்ற பாடம் இன்னொரு கண்டத்தில் ஆலையாக நிற்கிறது. நாடுகள் கூடிப் பேசுவதன் பயன் இந்த மாதிரிதான் வந்து சேரும், மெதுவாக.

ஆலை மூடினால் அங்கே வேலை பார்த்த பிள்ளைகள் என்ன ஆவார்கள்? கெமிக்கல் இன்ஜினீயர் மருந்து கம்பெனிக்கோ, ரிஃபைனரிக்கோ, பெயின்ட் கம்பெனிக்கோ போய்விடுவார். சான்றிதழில் 'பயோஃபியூல்' என்று மட்டும் இருப்பவர் ஒவ்வொரு நேர்காணலிலும் தன் படிப்பு என்னவென்று விளக்கிக்கொண்டிருப்பார். இது அரசாங்கக் கொள்கையை நம்பி ஏறி இறங்கும் துறை. உங்களுக்கே தெரியும், 2023 டிசம்பரில் சர்க்கரை தட்டுப்பாடு வருமென்று கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அடுத்த ஆகஸ்டில் அதை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் டிஸ்டிலரிகள் பட்ட பாட்டை ஊரில் விசாரித்துப் பாருங்கள். படிப்பு அகலமாக இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கலாம்.

இப்போது எலெக்ட்ரிக் வண்டி. உங்கள் சந்தேகம் நியாயமானது. ஸ்கூட்டரும் ஆட்டோவும் காரும் மெல்ல மெல்லப் பேட்டரிக்குப் போகும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாம் எட்டிவிட்டோம், பிரேசில் 2025-இல் 30-க்குப் போனது. அதற்கு மேல் இங்கே எவ்வளவு உயரும் என்பதை வண்டிக்காரர்களின் மைலேஜ் புலம்பலும் சேர்ந்து முடிவு செய்யும். ஆனால் சென்னையிலிருந்து லண்டனுக்குப் பேட்டரியில் பறக்கும் பயணிகள் விமானம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அதனால் விமான எரிபொருள் பக்கம்தான் சர்வதேச விதிகள் இறுகிக்கொண்டே போகின்றன. ஐரோப்பிய விமான நிலையங்களில் 2025-இலிருந்து விமான எரிபொருளில் 2 சதவீதம் 'நிலைத்த எரிபொருள்' (கழிவெண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுப்பது) கலக்க வேண்டும், 2030-இல் 6 சதவீதம். சர்வதேச விமானங்களுக்கு 2027-இல் 1, 2028-இல் 2, 2030-இல் 5 சதவீதம் என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. சர்வதேச விமானங்கள் கூடுதலாக வெளியிடும் கார்பனுக்கு ஈடுகட்டச் சொல்லி ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த 'கோர்சியா' திட்டம் 2027-இலிருந்து கட்டாய கட்டத்துக்குள் நுழைகிறது. உங்கள் மகள் நான்கு வருடம் படித்து வெளியே வரும்போது இந்த வேலைகள் சூடு பிடித்திருக்க வேண்டும். 'வேண்டும்' என்றுதான் சொல்கிறேன்.

இதில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. ஆலையில் நிற்காமல், எரிபொருளின் கார்பன் கணக்கை எழுதும் வேலை. பானிபட் ரிஃபைனரியில் சமைத்து மீந்த எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிக்க 2025-இல் கோர்சியா சான்றிதழ் வாங்கினார்கள். அந்தச் சான்றிதழ் சும்மா வராது. எந்த ஓட்டலில் வடை சுட்ட எண்ணெய், அதை யார் எடுத்தார், எந்தக் கிடங்கில் சேர்ந்தது, எத்தனை கிலோ, நல்ல பாமாயிலைக் கலந்து பழைய எண்ணெய் என்று ஏமாற்றியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு கண்ணியாகக் காகிதம் வேண்டும். ஓட்டல்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் படிவத்திலிருந்து ஆரம்பித்து ஆடிட்டர் சரிபார்ப்பார். அப்புறம் கணக்கு. ஒரு மெகாஜூல் ஆற்றல் தரும் எரிபொருளுக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு? ஒப்பிடும் சாதாரண எரிபொருளுக்கு கோர்சியா 89 கிராம் என்கிறது, ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 94 என்கிறது. ஒரே டேங்கரில் உள்ள எண்ணெய்க்கு இரண்டு விதிப்புத்தகம், இரண்டு விடை. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, பிரேசில் என்று ஆளுக்கொரு கணக்கு மென்பொருள் வைத்திருப்பதால், ஒரே எரிபொருளுக்கு இவை ஏன் வெவ்வேறு விடை தருகின்றன என்று டாஸ்க் 39 குழுவே பல ஆய்வுகளை நடத்தியிருக்கிறது. உண்மையான சர்வதேச ஒத்துழைப்பு கைகுலுக்கும் போட்டோவைவிட இந்தத் தசமப் புள்ளிச் சண்டையில்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதைத் தீர்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தியாவிலும் வெளியிலும் வேலை இருக்கிறது.

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 'கிரீட்' என்ற கணக்கு மென்பொருளை இலவசமாகவே தருகிறது. இரண்டாம் வருடத்திலேயே மகள் அதை இறக்கி, உங்கள் தோட்டத்துக் கரும்பை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எவ்வளவு யூரியா, பம்ப் செட்டுக்கு எவ்வளவு மின்சாரம், ஆலைக்கு எத்தனை கிலோமீட்டர் லாரி? இந்த எண்கள் வகுப்பில் வேறு யாருக்கும் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது. நேர்காணலில் அந்த ஒரு புராஜெக்ட் பத்து சான்றிதழ்களைவிட நன்றாகப் பேசும்.

சரி, எங்கே படிப்பது? கவுன்சலிங்கில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி கெமிக்கல் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் கோவை சி.ஐ.டி., உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் பெருந்துறை கொங்கு. ஜே.இ.இ. மதிப்பெண் நன்றாக இருந்தால் திருச்சி என்.ஐ.டி.யும் மும்பை ஐ.சி.டி.யும். ஐ.சி.டி.யில் உயிரி எரிசக்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் பயோடெக்னாலஜி என் இரண்டாவது தேர்வு, அதுவும் நல்ல கல்லூரியில் மட்டும். பயிர் பக்கம் ஆர்வம் என்றால் பாதை வேறு: வேளாண் பட்டம், பிறகு பயிர்ப் பெருக்கத்தில் மேற்படிப்பு. கோவை கரும்பு இனப்பெருக்கு நிறுவனம் 1912-இலிருந்து இருக்கிறது, 'கோ' என்று தொடங்கும் கரும்பு ரகங்கள் அங்கே பிறந்தவை. உங்கள் வயலிலேயே ஒன்று நிற்கலாம்.

வெளிநாட்டை இப்போதே யோசிக்காதீர்கள். மூன்றாம் வருடத்தில் யோசிக்கலாம். 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதி இங்கேயே எம்.டெக். முடித்து, இந்தியன் ஆயிலின் பரிதாபாத் ஆராய்ச்சி மையம், டேராடூன் இந்திய பெட்ரோலிய நிறுவனம் போன்ற இடங்களுக்குக் குறி வைக்கலாம். 2018-இல் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலந்து டேராடூனிலிருந்து டெல்லிக்கு விமானம் பறந்ததே, அந்த எரிபொருள் இந்த நிறுவனத்தின் கைவண்ணம். ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வாங்க ஆரம்பித்துவிட்டது. ஏஜென்ட் சொல்வதைக் கேட்காமல் அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிப்பை மகளே படிக்கட்டும்.

'பெண் பிள்ளையை' என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆலை வேலையில் முதல் சில வருடங்கள் ஷிஃப்ட் இருக்கும், ராத்திரி ஷிஃப்டும் இருக்கலாம், ஊர் ஒதுக்குப்புறமாக இருக்கும். ஆய்வகம், வடிவமைப்பு, சான்றிதழ், கார்பன் கணக்கு இவற்றில் அது குறைவு. எது வேண்டும் என்பதை அவள் முடிவு செய்யட்டும். ஷிஃப்ட் வேலையைத் தானாகக் கேட்டு வாங்கி, இன்று ஆலை நடத்தும் பெண்களும் இருக்கிறார்கள். உங்கள் பயத்தை வைத்து இப்போதே ஒரு கதவைச் சாத்திவிட வேண்டாம்.

எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் கணக்குப் பாடம். உயிரியல் பிடித்துப்போய் இந்த ஆசை வந்திருந்தால், கெமிக்கல் இன்ஜினீயரிங்கின் பொருள் சமன், வெப்பச் சமன் கணக்குகள் முதல் வருடமே சோர்வைத் தரும். பிளஸ் டூ கணக்கில் எவ்வளவு வாங்கினாள், விரும்பிப் போட்டாளா, டியூஷனில் தள்ளிவிட்டு வாங்கியதா என்று அவளிடமே கேட்டு எழுதுங்கள். முடிந்தால் இந்த வாரமே உங்கள் கரும்பு போகும் ஆலையின் கேன் ஆபீசரிடம் சொல்லி, டிஸ்டிலரியை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க அவளை அழைத்துப் போங்கள். அந்த வாடையும் சூடும் அவளுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். கட்-ஆஃப், கம்யூனிட்டி, ஜே.இ.இ. மதிப்பெண் மூன்றையும் சேர்த்து அனுப்பினால், சாய்ஸ் ஃபில்லிங்கில் எந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று எழுதித் தருகிறேன்.