மழை எங்கிருந்து வருகிறது? பெற்றோர், ஆசிரியர் கேள்விகளும் பதில்களும்

என் மகளுக்கு நான்கு வயது. ஆவியாதல் போன்ற சொற்களை இப்போதே சொல்லித் தரலாமா?

அவசரமே இல்லை அம்மா. மழை விட்டதும் தேங்கி நிற்கும் தண்ணீரைச் சுற்றி அவளையே சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கோடு. வெயில் ஏற ஏறக் கோடுகள் உள்ளே உள்ளே போகும். "தண்ணீர் எங்கே போனது?" என்று கேட்டால், "தரை குடித்துவிட்டது" என்பாள். நல்ல பதில்தான், மறுக்காதீர்கள். மண் தரையென்றால் பாதி உண்மையும்கூட. மறுநாள் எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். தட்டு குடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் குழப்பம் வந்த பிறகு சொல்லும் சொல்தான் மனதில் நிற்கும்.

இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஐஸ் போட்ட கண்ணாடி டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் வந்ததைக் காட்டினேன். உள்ளே இருந்த தண்ணீர்தான் கசிந்தது என்று பிள்ளைகள் அடித்துச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

இந்த இடத்தில் மட்டும் ஒரு முழு வகுப்பைச் செலவிடுங்கள் டீச்சர். நீர் சுழற்சியில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கிறது என்பதை நம்பாத பிள்ளைக்கு மேகமும் விளங்காது, மழையும் விளங்காது.

கசிந்தது என்கிறார்களா? அதையே சோதித்துப் பாருங்கள். டம்ளரில் ஐஸ் தண்ணீரோடு நிறைய நீல மையைக் கலந்து மூடி வையுங்கள். வெளியே வந்த துளிகளை வெள்ளைத் துணியால் ஒரு பிள்ளையையே துடைக்கச் சொல்லுங்கள். துணியில் நீலம் இருக்காது. பக்கத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றிய டம்ளர் ஒன்றும் இருக்கட்டும். அதன்மேல் துளி வராது. கிராம் கணக்கில் காட்டும் தராசு கிடைத்தால் இன்னும் நல்லது. கசிந்து வெளியே ஒட்டியிருந்தால் எடை மாறக் கூடாது, கீழே வழிந்திருந்தால் குறைய வேண்டும். ஆனால் மூடிய டம்ளரின் எடை மெல்லக் கூடும். புழுக்கமான நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். காற்று வறண்டிருந்தால் துளிகள் குறைவாகவே வரும்.

விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

தண்ணீர் கொதிக்கும்போது மேலே எழும் வெள்ளைப் புகைதானே நீராவி?

இல்லை ஐயா. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கெண்டியின் மூக்கை ஒட்டி, வெறுமையாகத் தெரியும் சிறு இடைவெளியில் இருப்பதுதான் நீராவி. அதற்கு அப்பால் தெரியும் வெண்மை, குளிர்ந்து மீண்டும் நீரான நுண்துளிகள். மேகமும் அப்படித்தான்: நீர்த்துளிகளும் பனித்துகள்களும் சேர்ந்தது, ஆவி அல்ல. ஒரு மேகத்துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக அப்படிப்பட்ட 10 லட்சம் துளிகள் சேர வேண்டும். இதைத் தொலைவிலிருந்து காட்டினால் போதும், கெண்டிப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். கொதித்தால்தான் தண்ணீர் ஆவியாகும் என்ற எண்ணம் வந்துவிடாமல் இருக்க, நிழலில் உலரும் ஈரத் துணியையும் காட்டுங்கள்.

கடல், மேகம், மலை, ஆறு, மறுபடி கடல் என்று வட்டமாகப் படம் வரையச் சொன்னால் போதாதா?

படம் வரையட்டும், ஆனால் அதோடு நிறுத்தினால் எனக்கு மனம் ஒப்பாது. எல்லாத் துளியும் வரிசையாக இந்த வழியே சுற்றுகிறது என்று அந்த வட்டம் நம்ப வைத்துவிடுகிறது. கடலிலிருந்து ஆவியாகும் நீரில் ஏறத்தாழ 90 சதவீதம் மழையாகக் கடலிலேயே விழுகிறது. மலையைப் பார்ப்பதே இல்லை. காற்றில் ஏறிய நீர் சராசரியாக 9 நாட்கள்போல அங்கே தங்கும். ஆழத்து நிலத்தடி நீரோ ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூடக் கிடக்கலாம்.

படத்துக்குப் பதில் விளையாட்டு வையுங்கள். அறையில் கடல், மேகம், ஆறு, மண், செடி, பனிமலை என்று ஆறு இடங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துளி. பகடை உருட்டி, விழும் எண்ணுக்கேற்ப நகர வேண்டும். கடலில் நிற்பவருக்கு 6 விழுந்தால்தான் மேகம்; மேகத்துக்கு எந்த எண் விழுந்தாலும் இறங்க வேண்டும். பனிமலையில் மாட்டிக்கொண்ட பிள்ளை அலுத்துப்போய், "நான் எப்போது உருகுவேன்?" என்று கேட்கும். பாடம் ஏறிவிட்டது என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

டைனோசர் குடித்த தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோமா என்று பேரன் கேட்கிறான்.

பெரும்பாலும் ஆமாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். சற்றுப் பெரிய பையன் என்றால் இதையும் சேர்க்கலாம்: செடிகள் உணவு தயாரிக்கும்போது தண்ணீரைப் பிரிக்கின்றன, உயிர்கள் சுவாசிக்கும்போதும் விறகு எரியும்போதும் புதுத் தண்ணீர் உருவாகிறது.

எங்கள் பகுதியில் இப்போது மழையே இல்லை. எதைக் காட்டித் தொடங்குவது?

செடி போதும். இலை அடர்ந்த சிறு கிளை ஒன்றை நிறமில்லாத பாலித்தீன் பையால் மூடி, வாயை நூலால் கட்டிக் காலையில் வெயிலில் விட்டுவிடுங்கள். மதியத்துக்குள் பையின் உட்புறத்தில் துளிகள் கோத்திருக்கும். மாலையில் மறக்காமல் பையை அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் இலைகள் வெந்துபோகும்.