வெங்காயத்துல பச்சை எங்க போச்சு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மேடம், நான் ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் அறிவியல் எடுக்கிறேன். கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டு மாட்டி ரெண்டு வருஷமாச்சு. செல், ஜீரண மண்டலம், ஒளிச்சேர்க்கை எல்லாத்துக்கும் நல்ல நல்ல அனிமேஷன் வீடியோ தேடிப் பிடிச்சு போடுறேன், பசங்க கண்கொட்டாம பாக்குறாங்க. ஆனா மறுநாள் கேட்டா ஒண்ணுமே மனசுல நிக்கல, "இன்னொரு வீடியோ போடுங்க"ன்னு மட்டும் கேக்குறாங்க. நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்: டீச்சர், உங்க மேல தப்பு இல்ல. வீடியோ தேடுறதுக்கே எவ்வளவு நேரம் போகும்னு எனக்குத் தெரியும். சிக்கல் என்னன்னா அந்த வீடியோ, பசங்க மனசுல கேள்வி முளைக்கிறதுக்கு முன்னாடியே பதிலை சொல்லி முடிச்சிடுது. பாக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும், ஏன்னா சொல்றவர் அவ்வளவு தெளிவா சொல்றாரு, ஆனா புரிஞ்சது அவருக்குத்தான், நம்ம பசங்களுக்கு இல்ல.

அந்த ஸ்மார்ட் போர்டை வேற ஒரு வேலைக்குப் பயன்படுத்திப் பாருங்க. மைக்ராஸ்கோப்போட ஐபீஸ், அதாவது நாம கண்ணை வெச்சுப் பாக்குற லென்ஸ், அது மேல போன் கேமராவை வெச்சு, போனை போர்டோட இணைச்சிடுங்க. ஐபீஸ்க்கு கொஞ்சம் மேலேருந்து மெதுவா கீழ இறக்கிட்டே வந்தீங்கன்னா முதல்ல ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும், அது பெருசாகி திரையை நிறைக்கிற இடத்துல நிறுத்திடுங்க. கை நடுங்கும், அதனால அட்டையை சுருட்டி குழாய் மாதிரி பண்ணி ஐபீஸ்ல மாட்டி அது மேல போனை உக்கார வெச்சா நிக்கும். இதுக்கு முன்னாடி நாப்பது பசங்க வரிசையில நின்னு ஆளுக்குப் பத்து செகண்ட் எட்டிப் பாத்துட்டுப் போவாங்க, யார் எதைப் பாத்தாங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது. இப்போ எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே விஷயத்தைப் பாத்துப் பேச முடியுது.

நான் முதல் தடவை இப்படி வெங்காயத் தோலை காட்டினப்போ நடந்ததை சொல்றேன். உள்பக்கத்து மெல்லிய சவ்வை உரிச்சு ஸ்லைடுல வெச்சு, ஒரு சொட்டு தண்ணி விட்டு, மேல மூடுற மெல்லிய கண்ணாடித் துண்டை, அதாவது கவர் ஸ்லிப்பை, அவசரத்துல தட்டையா அப்படியே போட்டுட்டேன். போர்டுல அழகான வட்டம் ஒண்ணு வந்துச்சு, சுத்தி தடியா கறுப்பு விளிம்பு. கிளாஸ் மொத்தமும் அதை செல்லுன்னு நோட்ல வரைய ஆரம்பிச்சிடுச்சு. கடைசி பெஞ்சுல ஒரு பையன் மட்டும் "மேடம், அந்த செல் நகருது"ன்னான். பென்சில் முனையால கவர் ஸ்லிப்பை லேசா தட்டிப் பாத்தேன், வட்டம் ஓடுச்சு, பின்னாடி செங்கல் அடுக்கின மாதிரி இருந்த கட்டங்கள் அப்படியே நின்னுச்சு. வட்டம் காத்துக்குமிழி, கட்டம்தான் செல். இதை நான் வாயால சொல்லியிருந்தா ஒரு வரி, அவங்களே கண்டுபிடிச்சதால அந்த வருஷம் முழுக்க ஒருத்தனும் குமிழியை செல்லுன்னு வரையல. கவர் ஸ்லிப்பை ஒரு ஓரத்தை முதல்ல தொட வெச்சு சாய்ச்சு இறக்கினா குமிழி வராது, ஆனா முதல் ஸ்லைடுல ஒண்ணு ரெண்டு வந்தாலும் வரட்டும்னுதான் இப்போ விட்டுடுறேன்.

அதுக்கப்புறம் அயோடின் ஒரு சொட்டு. வெறும் சுவர் மட்டும் தெரிஞ்ச கட்டத்துக்குள்ள பழுப்பா ஒரு புள்ளி தெரிய ஆரம்பிக்கும், அதுதான் உட்கரு. 1665ல ராபர்ட் ஹூக் கார்க்கை பாத்து செல்லுன்னு பேர் வெச்சப்போ அவர் பாத்ததும் வெறும் காலி சுவர்களைத்தான். அந்தக் கதையை இந்த இடத்துல சொன்னீங்கன்னா பசங்களுக்கு அவர் தோள் பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்கும்.

அடுத்து வர்ற கேள்விக்காக காத்திருங்க. தாவர செல்லுல பச்சையா பசுங்கணிகம் இருக்கும்னு புத்தகத்துல படிச்சிருக்காங்க இல்லையா, யாராவது ஒருத்தர் "இதுல பச்சை எங்க?"ன்னு கேப்பாங்க. உடனே பதில் சொல்லிடாதீங்க. வெங்காயம் எங்க வளருதுன்னு மட்டும் திருப்பிக் கேளுங்க. மண்ணுக்குள்ள வெளிச்சம் இல்ல, அங்க ஒளிச்சேர்க்கைக்கு வேலையும் இல்லன்னு பசங்களே வந்து சேருவாங்க. அப்புறம் மீன் தொட்டியில வளர்ற ஹைட்ரில்லா இலை ஒண்ணை முழுசா அப்படியே வைங்க. அந்த இலை ரெண்டு அடுக்கு செல் தடிமன்தான், அதனால சீவ வேண்டியதில்ல. பச்சை மணிகள் சுவரோரமா வரிசையா இருக்கும், வெளிச்சத்துல கொஞ்ச நேரம் வெச்சா மெதுவா சுத்த ஆரம்பிக்கும். அந்த நிமிஷம் கிளாஸ்ல வர்ற சத்தத்துக்காகவே நான் இந்த வேலைக்கு வந்தேன்னு தோணும்.

வீடியோ வேண்டாம்னு சொல்லல. செல் சவ்வுல தண்ணி மூலக்கூறு நுழையிறதை எந்தப் பள்ளி மைக்ராஸ்கோப்பும் காட்டாது, அதுக்கு அனிமேஷன்தான் வேணும். ஆனா இதெல்லாம் முடிச்சுட்டு போடுங்க, குரலை மியூட் பண்ணிட்டு பசங்களையே விளக்கம் சொல்ல சொல்லுங்க, அப்ப தெரிஞ்சிடும் யாருக்கு எது புரிஞ்சிருக்குன்னு.

கேள்வி: எங்க ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டும் இல்ல, நெட்டும் சரியா வராது. இருக்கிறது என் ஒரு போன் மட்டும்தான். இதை வெச்சு உயிரியல்ல ஏதாவது பண்ண முடியுமா, இல்ல ஆசைப்படக் கூடாதா?

பதில்: தாராளமா ஆசைப்படுங்க சார். போன்ல நெட் இல்லாமயே வேலை செய்யிற ரெண்டு விஷயம் இருக்கு, கேமராவும் கடிகாரமும். உயிரியலுக்கு இந்த ரெண்டும்தான் முக்கியம், ஏன்னா உயிருள்ளது எல்லாம் அசையுது, ஆனா நம்ம கண்ணுக்கு எட்டாத வேகத்துல அசையுது.

முதல்ல விதை. கண்ணாடி டம்ளருக்குள்ள ஈரத் துணியை சுத்தி வெச்சு, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அவரை விதைகளை செருகுங்க, ஒண்ணு நேரா, ஒண்ணு தலைகீழா, ஒண்ணு படுக்கையா. தலைகீழா இருக்கிற விதையோட வேர் எந்தப் பக்கம் போகும்னு ஒவ்வொருத்தரும் பேப்பர்ல எழுதி மடிச்சு வெச்சிடணும், இது ரொம்ப முக்கியம், எழுதாம விட்டா பின்னாடி எல்லாரும் "நான் அப்பவே நினைச்சேன்"னு சொல்லிடுவாங்க. போனை சார்ஜர்ல போட்டு அசையாத இடத்துல நிறுத்தி 10 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்க விடுங்க. ஒரு நாளைக்கு 144 படம். செகண்டுக்கு 24 படம்னு ஓட்டினா ஒரு முழு நாள் 6 செகண்ட்ல ஓடிடும், அஞ்சு நாள் வளர்ச்சி அரை நிமிஷம். இந்தக் கணக்கை பசங்களையே போட விடுங்க. ராத்திரி இருட்டுல எடுத்த படம் எல்லாம் கறுப்பா போயிடும்னு ஒரு சின்ன விளக்கு வெக்க வேண்டி வரும், அதை நேரா மேல வைங்க, பக்கவாட்டுல வெச்சா தண்டு அந்தப் பக்கம் சாயும், அப்புறம் எது புவியீர்ப்பால நடந்துச்சு எது வெளிச்சத்தால நடந்துச்சுன்னு பிரிக்க முடியாது. போனை அஞ்சு நாள் விட்டுட்டு இருக்க முடியலைன்னா, தரையில சாக்பீஸால குறி போட்டு வெச்சு, அதே இடத்துலேருந்து ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு பையன் ஒரு படம் எடுக்கட்டும். படம் கொஞ்சம் குதிக்கும், வேர் வளையிறது தெரிஞ்சிடும்.

இந்த வேலையை கேமரா வசதி இவ்வளவு இல்லாத காலத்துலயே ஜகதீஷ் சந்திர போஸ் கிரெஸ்கோகிராஃப்னு ஒரு கருவி செஞ்சு பண்ணாரு, செடியோட நுண்ணிய அசைவை 10,000 மடங்கு வரைக்கும் பெரிதாக்கிக் காட்டுச்சு அது.

ரெண்டாவது நாடித்துடிப்பு. போனோட பின் கேமராவையும் டார்ச்சையும் விரல் நுனியால மூடினா திரை முழுக்க சிவப்பாகும். இதயம் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் விரலுக்குள்ள ரத்தம் கொஞ்சம் கூடுது, கூடின ரத்தம் வெளிச்சத்தை கூட உறிஞ்சுது, அதனால படம் ஒரு இம்மி இருட்டாகி திரும்ப வெளுக்குது. இதை அளந்து கிராஃபா காட்டுற ஆப் இருக்கு, ஒரு தடவை இறக்கி வெச்சிட்டா போதும். அதே நேரத்துல மணிக்கட்டுல கை வெச்சு 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்க சொல்லுங்க. ரெண்டும் ஒத்து வராது! ஏன் வரலைன்னு பேசுற பேச்சுதான் அன்னைக்குப் பாடம். விரல் சில்லுனு இருந்துச்சா, அழுத்திப் பிடிச்சானா, ஆடினானா, எண்ணும்போது ஒண்ணு விட்டுப்போச்சா, எல்லாத்தையும் மாத்தி மாத்தி செஞ்சு பாப்பாங்க. டார்ச் சூடாகும், ஒரு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். ஓடிட்டு வந்து அளக்கிறப்போ மூச்சுத் தொந்தரவோ இதயக் கோளாறோ இருக்கிற பிள்ளையை ஓட விடாதீங்க, கடிகாரம் பாக்குற பொறுப்பை குடுங்க. யாருக்கு எவ்வளவுன்னு பேர் போட்டு போர்டுல எழுதவும் வேண்டாம்.

கேள்வி: க்விஸ் ஆப் வெச்சா கிளாஸே அதிருது, ஆனா எப்பவும் அதே நாலு பேர்தான் ஜெயிக்கிறாங்க, மத்தவங்க கண்ணை மூடிட்டு ஏதோ ஒண்ணை அமுக்குறாங்க. இதைத் தொடரலாமா?

பதில்: வேகத்துக்கு மார்க் குடுக்கிற செட்டிங்கை முதல்ல அணைச்சிடுங்க. யோசிக்கிற பிள்ளைக்கு நேரம் வேணும், அந்த நேரத்துக்கு தண்டனை குடுக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

ஹார்வர்டுல எரிக் மஸூர் 1991லேருந்து தன் இயற்பியல் வகுப்புல ஒரு முறை வெச்சிருந்தாரு. ஒரு கேள்வி, தனியா ஒரு ஓட்டு, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச்சு, திரும்ப அதே கேள்விக்கு ஓட்டு. சரியான பதில் சுமார் 30லேருந்து 70 சதவீதத்துக்குள்ள இருந்தா பேச விடலாம், அதுக்கு கீழ இருந்தா நீங்க திரும்ப விளக்கணும், மேல இருந்தா அடுத்த கேள்விக்குப் போயிடலாம். நம்ம பாடத்துக்கு இது அப்படியே பொருந்தும். ஒரு உதாரணம் சொல்றேன், "மரத்தோட எடை பெரும்பாலும் எங்கேருந்து வருது? மண்ணு, தண்ணி, காத்து, சூரிய ஒளி." என் அனுபவத்துல முதல் ஓட்டுல மண்ணுதான் முன்னாடி நிக்கும். ரெண்டு நிமிஷம் பேச விட்டுட்டு வான் ஹெல்மான்ட்ங்கிற விஞ்ஞானியோட கதையை சொல்லுங்க. சுமார் 90 கிலோ காஞ்ச மண்ணுல ஒரு வில்லோ கன்னை நட்டு அஞ்சு வருஷம் தண்ணி மட்டும் ஊத்தினாரு, மரம் 70 கிலோவுக்கு மேல கூடிச்சு, மண்ணு குறைஞ்சது 60 கிராம் கூட இல்ல. இது அவர் இறந்தப்புறம் 1648ல அச்சாச்சு. இப்ப ரெண்டாவது ஓட்டு. கூட்டம் தண்ணிக்குத் தாவும், அவரும் அப்படித்தான் முடிவு பண்ணாரு. அங்கேருந்து கார்பன் டை ஆக்ஸைடுக்கு கூட்டிட்டுப் போங்க, உலர்ந்த மரத்தோட எடையில பெரும்பகுதி காத்துலேருந்து எடுத்ததுதான்னு கேட்டதும் ஜன்னல் வழியா மரத்தைப் பாக்குற பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன்.

பசங்க கையில போன் இல்லைன்னா பிளிக்கர்ஸ் அட்டை இருக்கு. அச்சடிச்ச அட்டையை பதிலுக்கு ஏத்த மாதிரி திருப்பிப் பிடிப்பாங்க, டீச்சர் போன் கேமராவை ஒரு சுத்து காட்டினா எல்லார் பதிலும் வந்துடும். பக்கத்துல இருக்கிறவன் என்ன போட்டான்னு சுலபத்துல தெரியாது, அதனால தயங்குற பிள்ளையும் தைரியமா தூக்கும்.

கேள்வி: எட்டாவது பசங்க ஏஐ வரைஞ்ச இதயப் படத்தை பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டு வர்றாங்க. தடுக்கிறதா விடுறதா?

பதில்: அந்தப் படத்தையே பாடமாக்குங்க. நாலு படத்தை பெஞ்சுக்கு ஒண்ணா குடுத்து தப்பு கண்டுபிடிக்க சொல்லுங்க. இடது வென்ட்ரிக்கிள், அதாவது இதயத்தோட கீழறை, அதோட சுவர் வலதை விட தடியா இருக்கா? நுரையீரல் தமனியில சிவப்பு அடிச்சிருக்கா, அப்படின்னா அது தப்பாச்சே, ஆக்ஸிஜன் குறைஞ்ச ரத்தம்தானே அதுல போகுது? வால்வு எந்தப் பக்கம் திறக்குது? தப்பை சுட்டிக் காட்டணும்னா சரியானது தெரிஞ்சிருக்கணும், புத்தகத்தை தானா திறப்பாங்க.

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. செடி, பூச்சி எல்லாத்தையும் போன்ல பிடிச்சு பேர் கேக்குறா. சில நேரம் ஆப் முழுப் பேர் சொல்லாம பாதியிலேயே நிக்குது. இதனால படிப்புக்கு உபயோகம் உண்டாங்க?

பதில்: ரொம்பவே உண்டும்மா. அந்தப் பாதியில நிக்கிற இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். சீக் (Seek) மாதிரி ஆப்ல குடும்பம் வரைக்கும்தான் தெரியும், பேரினம் வரைக்கும்தான் தெரியும்னு நிறுத்திடும். வகைப்பாட்டியல் பாடத்துல படி படியா வர்ற வரிசை இருக்கே, அது அவ கையிலேயே நடக்குது. ஏன் நின்னுச்சுன்னு கேளுங்க, பூ தெரியலையா, இலையோட அடிப்பக்கம் வேணுமான்னு அவளே திரும்ப போய் பாப்பா. சீக்ல அக்கவுண்ட் தேவையில்ல, அதனால அவ வயசுக்கு அதுவே போதும்.

கேள்வி: நான் ஆறாவது படிக்கிறேன். எங்க வீட்ல மைக்ராஸ்கோப் இல்ல. அம்மா போன் இருக்கு. நான் என்ன பாக்கலாம்?

பதில்: கண்ணு, அம்மாகிட்ட கேட்டுட்டு, போனை மேஜையில மல்லாக்க வெச்சு முன்பக்க கேமரா மேல ஸ்ட்ரா நுனியால ரொம்பச் சின்ன சொட்டு தண்ணி வை, தண்ணி உள்ள போகாத போனா இருந்தா மட்டும். கேமராவை ஆன் பண்ணி, ஒரு இலையையோ துணி நூலையோ சொட்டுக்கு மேல தொடாம ரொம்பக் கிட்ட கொண்டு வா, மேலேருந்து நல்ல வெளிச்சம் வேணும். அந்தச் சொட்டு ஒரு லென்ஸா வேலை செய்யும். 1670கள்ல லீவன்ஹூக்னு துணி வியாபாரி ஒருத்தர் மணி மாதிரி ஒரே ஒரு குட்டி லென்ஸை வெச்சுத்தான் ஏரித் தண்ணியில நீந்துற உயிர்களைப் பாத்தாரு. அதே மாதிரி ஒரு லென்ஸை மடிச்ச காகிதத்துல பொருத்தி, சுமார் 140 மடங்கு பெருசா காட்டுற ஃபோல்ட்ஸ்கோப்பை மனு பிரகாஷோட ஸ்டான்ஃபோர்டு குழு 2014ல வெளியிட்டாங்க, உங்க ஸ்கூல்ல இருக்கான்னு டீச்சர்கிட்ட கேட்டுப் பாரு. சொட்டுல உனக்குத் தெரிஞ்சதை வரைஞ்சு எனக்கு அனுப்பு. தெரிஞ்சதை மட்டும் வரை கண்ணு, புத்தகத்துல இருக்கிறதை சேத்துடாத, மங்கலா தெரிஞ்சா மங்கலாவே வரை.