ஆய்வுக்கு மாதிரி தரச் சம்மதிக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது, என் மாமியார்தான் சிறுநீரகம் தருகிறார். இருவருடைய ரத்தம், சிறுநீர், திசு மாதிரிகளைப் பயோபேங்கில் (ஆய்வுக்காக மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம்) சேமிக்கவும், மருத்துவக் குறிப்புகளை ஆய்வுக்கான தரவுத்தளத்தில் சேர்க்கவும் சம்மதம் கேட்டு ஒரு தனிப் படிவம் தந்திருக்கிறார்கள். மறுத்தால் சிகிச்சையில் குறை வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். சிகிச்சைக்கான சம்மதம் வேறு, ஆய்வுக்கான சம்மதம் வேறு. பின்னதை மறுப்பதால் சிகிச்சை எவ்விதத்திலும் பாதிக்கப்படக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின் அடிப்படைகளுள் ஒன்று.

ஆயினும், சில கேள்விகளைக் கேட்டுவிட்டுச் சம்மதிக்கலாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் உங்கள் கணவரின் கோப்பிலேயே இருக்கிறது. ‘கிராஸ் மேட்ச் – நெகட்டிவ்’ என்று ஒரு தாளைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, தாயாரின் வெள்ளை அணுக்களோடு கலந்து, அவற்றைத் தாக்கும் எதிர்ப்பொருள் அதில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. 1969இல் அமெரிக்காவில் பட்டேல், பால் தெரசாகி என்ற இருவர் 225 மாற்று அறுவைகளின் முடிவுகளை இந்தச் சோதனையின் முடிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். பாசிட்டிவ் என வந்த 30 பேரில் 24 பேருக்குப் புதிய சிறுநீரகம் உடனடியாகச் செயலிழந்தது; நெகட்டிவ் என வந்த 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டுமே. அதன் பிறகுதான் அறுவைக்கு முன் இச்சோதனை எங்கும் கட்டாயமாயிற்று. முன்பின் அறியாத அந்த 225 பேரின் ரத்தமும் குறிப்பும் இன்று உங்கள் கணவரைக் காக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, சீரமும் குறிப்பும் சேர்ந்தே பயன்பட்டன என்பது. மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்த ஒரு சிறு குழாய், அதற்குரியவரின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு, எந்த மருந்து நிறுத்தப்பட்டது, புதிய சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்கும் நிராகரிப்பு எப்போது வந்தது என்ற விவரங்கள் இல்லாவிட்டால் ஆய்வாளருக்கு எதையும் சொல்லாது. ஒரே மருத்துவமனையின் எண்ணிக்கையும் போதாது. அதனால்தான் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலிருந்து 1982 முதல் பல நாட்டு மருத்துவமனைகளின் மாற்று அறுவை விவரங்களை ஒன்றாகத் திரட்டி வருகிறார்கள்.

இப்படி ஆண்டுக்கணக்கில் குறிப்பும் குழாயும் இணைந்தே இருக்க வேண்டும் என்பதால் பெயரை அடியோடு அழித்துவிட முடியாது. குழாயின் மேல் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறிடத்தில் இருக்கும். அந்தப் பட்டியல் யார் பொறுப்பில் இருக்கிறது, மாதிரிகள் வெளிநாட்டுக்கோ தனியார் நிறுவனத்துக்கோ போகுமா, மரபணுப் பரிசோதனை உண்டா, ஒவ்வொரு புதிய ஆய்வையும் நெறிமுறைக் குழு பார்க்கிறதா என்று கேளுங்கள். பின்னாளில் விலகும் உரிமையும் உங்களுக்கு உண்டு; மிச்சமுள்ள மாதிரியை அழிக்கச் சொல்லலாம், ஆனால் அதற்குள் வெளியாகிவிட்ட ஆய்வு முடிவுகளைத் திரும்பப் பெற இயலாது.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். சிகிச்சைக்காக எடுத்ததில் எஞ்சியதை வைத்துக்கொள்கிறார்களா, ஆய்வுக்கென்றே கூடுதலாக எடுக்கிறார்களா? ஊசிவழி ரத்தம் சிறிது கூடுதலாக எடுப்பது பெரிதல்ல. ஆய்வுக்காக மட்டும் ஒரு பயாப்சி (சிறுநீரகத்திலிருந்து சிறு திசுத் துணுக்கு எடுப்பது) என்றால், ரத்தக்கசிவு அபாயம் சிறிதேனும் இருப்பதால், அதற்குத் தனியாக யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் சம்மதத்தை மகனோ மருமகளோ தர முடியாது. மகனின் மரபணுவில் பாதி அவருடையது என்பதால் இந்த ஆய்வு அவரையும் தொடுகிறது. படிவத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஆய்வு ஒருங்கிணைப்பாளரையே அவர் அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், கணவருடைய மாதிரியை மட்டும் தரலாமா என்று விசாரியுங்கள்.