"எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்கும் அப்பாவை மனநல டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது?

அப்பாவுக்கு 72 வயது, ஒரு வருடமாகப் பேச்சே குறைந்துவிட்டது, டாக்டரிடம் போகலாம் என்றால் எகிறுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அச்சு அசலாக இதேதான். நீடாமங்கலம் பக்கம் கிராமம், அப்பாவுக்கு அப்போது 74.

எங்களுக்கு உறைத்தது 2023 ஜூனில். மேட்டூர் திறந்து நம் பக்கம் தண்ணீர் வரும் நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்குப் போய், ஆற்றில் நுங்கும் நுரையுமாக வருவதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்த வருடம் 12ஆம் தேதி சரியாகத் திறந்தார்கள். "என்னங்க, ஆத்துல தண்ணி வந்துடுச்சாம்" என்று அம்மா சொன்னதற்கு, "வரட்டும்" என்று திண்ணையில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஒரு வருடம் முழுக்க 'மனசு சரியில்லை' என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வயிறு எரியுது, கால் குடையுது, மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, அவ்வளவுதான். வயதானவர்களுக்கு மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பு வழியாகத்தான் வெளியே வரும் என்று எங்களுக்குத் தெரியாது, உள்ளூரில் பார்த்தவரும் கேஸ் மாத்திரையும் சத்து ஊசியுமாக ஓட்டினார். நாங்களும் வயலைக் குத்தகைக்கு விட்டாச்சு, வயசும் ஆச்சு, இனி அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். அத்தை மட்டும், மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைக்கச் சொன்னார். 2017-18இல் வயதானவர்களைப் பற்றி நாடு முழுக்க எடுத்த லாசி (LASI) கணக்கெடுப்பில், 60 தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கலாம் என்று வந்தது, டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் 0.8 சதவீதம்தான். மிச்சப் பேரெல்லாம் எங்கள் அப்பா மாதிரி திண்ணையில்தான் படுத்திருப்பார்கள் போல.

சரி, எப்படிக் கூட்டிப்போனோம்? தூக்கத்துக்கு. பொய்யும் இல்லை, அவர் தூங்கவில்லைதானே. டாக்டர் சின்ன வயதுப் பெண், எடுத்தவுடன் மனசு பற்றிப் பேசவில்லை, தைராய்டு, பி12, சோடியம் பார்க்கச் சொன்னார், பிரஷருக்குப் போடும் மாத்திரைகளை வாங்கிப் பார்த்தார், காது கேட்கிறதா என்று பார்த்தார். அப்புறம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி 15 கேள்வி. "வழக்கமாச் செய்யுற வேலையெல்லாம் விட்டுட்டீங்களாய்யா?" என்றதும், "வயலே இல்லைங்களே, அப்புறம் என்ன வேலை" என்றவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மனச்சோர்வுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில்தான் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை, அம்மா நிறுத்தச் சொல்லிச் சண்டை. அந்த இடத்தில்தான் நிறைய வீடுகளில் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். முழுசாகப் பிடிக்க ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். இந்த மாத்திரைகளில் சில வயதானவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும், நடுவில் ஒரு ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

ஒன்று முக்கியம். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரி பேசினால் புலம்பல் என்று தள்ளாதீர்கள், நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. நம் ஊர் வீடுகளில் பூச்சிமருந்து டப்பா மாட்டுக்கொட்டகையில் சும்மா கிடக்கும், அதை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால் அது வேறு கதை, சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கும், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மற்றபடி தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அப்பா இன்றைக்கும் அந்த டாக்டரை 'தூக்க டாக்டர்' என்றுதான் சொல்கிறார், நாங்கள் திருத்துவதில்லை. 2024இல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12 திறக்கவில்லை பாருங்கள், அன்றைக்குக் காலையில் பேப்பரை வைத்துக்கொண்டு கர்நாடகாவில் ஆரம்பித்து ஒருத்தர் விடாமல் திட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து எனக்கு போன் போட்டு, பேசாமல் அப்படியே கேட்க வைத்தார்.