தேம்ஸ் பாதையில் ஒரு நாள்: ஹென்லி முதல் மார்லோ வரை

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். தேம்ஸ் ஆற்றை ஒட்டிச் செல்லும் தேம்ஸ் பாதை மொத்தம் 185 மைலாமே, ஒரே நாளில் எந்தப் பகுதியை நடக்கலாம்?

பதில்: ஹென்லியிலிருந்து மார்லோ. சுமார் 14 கி.மீ., சாவகாசமாக நடந்தால் நாலரை மணி நேரம். இரண்டு ஊரிலும் ரயில் உண்டு. போகும்போது ட்வைஃபர்டில் மாறுங்கள், திரும்பும்போது மெய்டன்ஹெட்டில். மார்லோ ரயில் அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஆஸ்டன் கிராமத்தில் பாதை ஆற்றை விட்டு மேடேறுகிறதே, கரையோரமாகவே போக முடியாதா?

பதில்: முடியாது. சரக்குப் படகுகளைக் குதிரைகள் இழுத்த காலத்தில் அவை நடந்த தடம்தான் இந்தப் பாதையின் பெரும்பகுதி. அந்தத் தடம் ஒரே கரையில் ஓடவில்லை. அது கரை மாறிய இடங்களில் குதிரையைத் துறைப்படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ஆஸ்டன் அப்படி ஒரு துறை. படகு நின்றுபோனது, அதனால் நாம் கல்ஹம் கோர்ட் பண்ணை நிலம் வழியாகச் சுற்றித்தான் ஆற்றுக்குத் திரும்ப வேண்டும். ஹர்லி தாண்டி டெம்பிள் என்ற இடத்திலும் இதே சிக்கல் இருந்தது. 1989-இல் மரத்தில் நடைபாலம் கட்டித் தீர்த்தார்கள். என்னைக் கேட்டால் ஆஸ்டன் சுற்று நல்லதுதான், மேட்டிலிருந்து பள்ளத்தாக்கு முழுசாகத் தெரியும்.

கேள்வி: ஜூலை தொடக்கத்தில் வரலாமா?

பதில்: அந்தச் சமயத்தில்தான் ஹென்லி படகுப் போட்டி, 1839 முதல் நடப்பது. ஹென்லி பக்கத்து டெம்பிள் தீவருகே (ஹர்லி தாண்டி வரும் டெம்பிள் வேறு) தொடங்கும் பந்தயத்தடம் 2,112 மீட்டர், நம் பாதை அதை ஒட்டியே போகிறது. வேடிக்கை பார்க்க வாருங்கள், நடக்க வேறு வாரம் பாருங்கள்.

கேள்வி: நாயைக் கூட்டி வரலாமா? வழியில் மாடுகள் மேயுமாமே.

பதில்: கூட்டி வரலாம், மாடு தெரிந்தால் வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாடு துரத்தினால் மட்டும் வாரை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

கேள்வி: வழியில் நின்று பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: ஹேம்பிள்டன் லாக், அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகு. அங்கே தடுப்பணை மேல் நடைமேடை உண்டு, காலடியில் தண்ணீர் இரையும். அக்கரை ஆலை வரை போய்த் திரும்புங்கள். அப்புறம் மார்லோ தொங்குபாலம், 1832. அதை வடிவமைத்த வில்லியம் டியர்னி கிளார்க்தான் புடாபெஸ்ட் சங்கிலிப் பாலத்தையும் வடிவமைத்தார்.

கேள்வி: குளிர்காலத்தில்?

பதில்: மழை தொடர்ந்தால் புல்வெளிகளில் வெள்ளம் ஏறிவிடும். கிளம்புமுன் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்கள். சேறு எப்படியும் இருக்கும், கணுக்கால் மூடும் பூட்ஸ் போடுங்கள்.